தண்ணீர்த் தொட்டி தொங்குகிறதா? டிரெய்லர் கேள்வி-பதில்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் பயண டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி பற்றிய கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன, அதனால் இந்தமுறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 190 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் மூன்று ஆட்கள் வண்டியின் தரைக்கு அடியில் படுத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகக் குதிப்பதற்குச் சமம். அவர்களை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்மில் பலர் குனிந்து பார்த்ததே இல்லை.

கேள்வி: தொட்டியை நிரப்பினால் வண்டியின் அடியில் உள்ள கறுப்புத் தகடு தொங்குகிறது, காலி செய்தால் கொஞ்சம் மேலே போகிறது. இன்னும் நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் போதுமா?

போதாது. அது தகடே இல்லை, நெளிவு வைத்த பிளாஸ்டிக் அட்டை. தூசியும் சேறும் குளிர்காற்றும் மேலே போகாமல் இருக்கப் போட்டது, எடை தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. அது தொங்குகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். எங்கோ கசிந்த தண்ணீர் அட்டைமேல் குளமாக நிற்கிறது, இல்லையென்றால் தொட்டியே இறங்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கள், தண்ணீர் கொட்டினால் முதலில் கசிவைத் தேடுங்கள். கொட்டவில்லை என்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு, அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தாங்கும் இரும்பு நடுவில் வளைந்திருக்கிறதா, அதன் முனைகளில் பெயின்ட் வெடித்துத் துருக்கோடு ஓடுகிறதா, தொட்டியின் பிளாஸ்டிக்கில் எங்காவது தேய்ந்து பளபளப்பாக இருக்கிறதா? அந்தப் பளபளப்புதான் எனக்குப் பெரிய சாட்சி. வண்டி ஓடும்போது தொட்டி நகராமல் அப்படித் தேயாது.

அடியில் நுழையும் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: 190 லிட்டர் தொட்டிக்குக் கீழே குறுக்காக இரண்டே இரண்டு ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை), 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். இரண்டும் நடுவில் வளைந்திருக்கின்றன. இன்னொரு ஆங்கிள் சேர்த்தால் சரியாகிவிடுமா, இல்லை வேறு ஏதாவது போட வேண்டுமா?

ஆங்கிளுக்கு மேல் ஆங்கிள் சேர்ப்பது நிறையப் பேர் செய்யும் வேலை, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், இந்த ஒரு கணக்கு புரிந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

இரண்டு நீளவாட்டு ஃபிரேம்களுக்கு நடுவே 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 190 கிலோ இரண்டு ஆங்கிளில் பிரிந்தால் ஒன்றுக்கு 95 கிலோ. வண்டி நிற்கும்போது அந்த ஆங்கிளின் நடுவில் வரும் அழுத்தம் ஏறக்குறைய 175 மெகாபாஸ்கல், சாதாரண இரும்பு 250 வரை தாங்கும், அதனால் வீட்டு வாசலில் நிற்கிறவரை எல்லாம் நன்றாகவே தெரியும். ஓடும்போது கதை வேறு. பள்ளத்தில் விழுந்து எழும்பும் வண்டிக்கு நான் குறைந்தது மூன்று மடங்கு எடை என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன், அப்போது அழுத்தம் 500-ஐத் தாண்டிவிடுகிறது, அதாவது இரும்பின் எல்லையைப் போல் இரண்டு மடங்கு. உங்கள் ஆங்கிள் வளைந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மூன்றாவது ஆங்கிளைச் சேர்த்தாலும் 350 வரும், அப்போதும் வளையும், கொஞ்சம் மெதுவாக.

இப்போது அதே 40 மி.மீ. அளவில், அதே 3 மி.மீ. கனத்தில் சதுரக் குழாய் எடுங்கள், கடையில் ஸ்கொயர் பைப் என்று கேட்டால் தருவார்கள். எடை ஆங்கிளைப் போல் இரண்டு மடங்கு இருக்கும், ஆனால் வளைவைத் தாங்கும் திறன் நாலு மடங்குக்கும் மேல். மூன்று குழாய் போட்டால், அந்த மூன்று மடங்கு குலுக்கலிலும் அழுத்தம் 80-ஐ ஒட்டித்தான் நிற்கும். மூன்றும் சேர்ந்து 19 கிலோ கூடுதல், அதை வண்டி ஏற்றக்கூடிய சுமையில் கழித்துக்கொள்ளுங்கள். குழாயின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை விடுங்கள், இல்லையென்றால் உள்ளிருந்தே துரு தின்னும்.

இரும்போடு வேலை முடிந்துவிடாது. தொட்டி பாலிஎத்திலீன். இந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு, எடையைத் தொடர்ந்து வைத்தால் உடையாது, மெல்ல மெல்லத் தொய்யும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. மூன்று கம்பிகளில் மட்டும் உட்கார வைத்தால் நடுவே உள்ள இடங்களில் வயிறு தள்ளும். அதனால் குழாய்களின்மேல் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைப் பரப்பி, தொட்டியின் முழு அடியும் அதில் படும்படி வையுங்கள். பலகையின் ஆறு பக்கமும் பெயின்ட் அடியுங்கள், வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கோட் கூடுதலாக. அங்கங்கே வடிகால் துளை வேண்டும். பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பாய் ஒன்று. பஞ்சு மாதிரி நனையும் ஃபோம் வேண்டாம்.

அப்புறம், எல்லோரும் மறக்கும் ஒன்று. தொட்டி கீழே மட்டும் போவதில்லை, முன்னும் பின்னும் போகும். பலமாக பிரேக் பிடித்தால் எடையில் பாதியளவு விசை முன்பக்கம் தள்ளும், 190 கிலோவுக்கு அது 95 கிலோ. நாலு ஓரத்திலும் சின்ன ஆங்கிள் துண்டுகளைத் தடுப்பாக வையுங்கள். ஆங்கிளுக்குச் சரியான இடம் அதுதான்.

கேள்வி: குறுக்குக் குழாயை ஃபிரேமில் வெல்டிங் செய்யலாமா, போல்ட் போடலாமா?

போல்ட்தான் என் கட்சி. வெல்டிங் தெரிந்தவர்கள் கோபிக்கலாம், ஆனால் யோசித்துப் பாருங்கள்: தலைக்கு மேலே மரத்தரை, அதில் ஃபோம், பக்கத்தில் வயர், பிளாஸ்டிக் குழாய், 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும் தொட்டி. தீப்பொறி எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு டிரெய்லர் ஃபிரேம்கள் பல மெல்லிய தகட்டில் செய்தவை, அதன் கீழ்ப்பட்டையில் குறுக்காக வெல்டிங் ஓடினால் அங்கிருந்தே பிற்பாடு விரிசல் தொடங்கும்.

போல்ட்டுக்கும் விதி உண்டு. ஃபிரேமின் மேல்பட்டையிலோ கீழ்ப்பட்டையிலோ துளை போடாதீர்கள், பாரத்தை அதிகம் சுமப்பது அந்த இரண்டும்தான். நிமிர்ந்து நிற்கும் நடுத்தகட்டில், உயரத்தின் பாதியை ஒட்டித் துளையிடுங்கள். ஒவ்வொரு முனையிலும் 10 மி.மீ. போல்ட் இரண்டு, பின்னால் ஒரு இரும்புத் துண்டு, தளராத நைலான் நட். இடம் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: குழாயின் முனையை ஃபிரேமின் கீழ்ப்பட்டைமேல் உட்புறமாக உட்கார வைத்துவிடுங்கள். எடை நேராக ஃபிரேமில் இறங்கும், போல்ட் நகராமல் பிடித்தால் போதும். ஏற்கனவே அங்கே தானே துளையிடும் ஸ்க்ரூக்கள் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம். மெல்லிய தகட்டில் அவை பிடித்திருப்பது இரண்டு மூன்று மரை மட்டும், குலுக்கலில் கழன்றுவிடும்.

கேள்வி: இப்போதைக்கு லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பட்டை போட்டுச் சமாளிக்கலாமா?

தொட்டியைக் காலி செய்து, பட்டறைவரை ஓட்டிப்போக என்றால் சரி. பாலியஸ்டர் பட்டையாக இருக்கட்டும், நைலான் அதிகம் இழுபடும். கூரான ஓரத்தில் படும் இடத்தில் ரப்பர் வையுங்கள். ஒரு சீசன் முழுக்க இதிலேயே ஓட்டுவேன் என்றால் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: தொட்டியை நிரப்பிக்கொண்டு போவது நல்லதா, காலியாகவா? பாதி நிரப்பினால் பாரம் குறையுமே?

பாரம் குறையும், ஆட்டம் கூடும். பாதித் தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் ஓடிச் சுவரில் மோதும், தடுப்புச்சுவர் இல்லாத தொட்டியில் அது சுத்தியல் அடி மாதிரி. தாங்கி பலவீனம் என்று தெரிந்தால் காலியாகப் போங்கள், குடிக்கவும் கழுவவும் 20 லிட்டர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கி உறுதி என்றால் நிரப்பியே போகலாம், ஆனால் தொட்டி ஆக்சிலுக்கு முன்னாலா பின்னாலா என்று பாருங்கள், இதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு உதாரணம். வண்டி 2000 கிலோ, இழுக்கும் காரோடு இணைக்கும் கொக்கியில் இறங்கும் முன்பாரம் 220 கிலோ, அதாவது 11 சதவீதம். தொட்டி ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், கொக்கி நாலரை மீட்டர் முன்னால். 190 லிட்டர் நிரப்பினால் கொக்கியிலிருந்து 63 கிலோ குறைந்து, முன்பாரம் ஏழு சதவீதத்துக்கு வந்துவிடும். 10 முதல் 15 சதவீதம் கேட்கும் வண்டி இது என்றால், வேகத்தில் வால் ஆட்டும். தாங்கியை எவ்வளவு பலப்படுத்தினாலும் இது சரியாகாது. முன்பாரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். தொட்டியைக் காலியாக வைத்தே ஓட்டச் சொல்லும் கையேடுகளும் உண்டு.

கேள்வி: நிரப்பும்போது வண்டிக்குள் தரை லேசாக மேலே தூக்குகிறது. தாங்கியைப் பலப்படுத்திய பிறகுதான் இப்படி. என்ன தப்பு செய்தேன்?

நான் செய்த அதே தப்பு. என் முதல் டிரெய்லரில் பலகையை மேலே தள்ளி, தொட்டி தரையோடு ஒட்டும்படி இறுக்கி முடித்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு தண்ணீர் வைத்தேன். நடுத்தரை வீங்கி, நுழைவுக் குழாயின் இணைப்பு விரிசல் விட்டது.

காரணம் எளிது. நிரப்பும் வாய் தொட்டியைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், வாய்வரை தண்ணீர் நிற்கும்போது தொட்டிக்குள் 0.1 பார் அழுத்தம். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி மேலேயும் கீழேயும் ஒரு டன் அளவுக்குத் தள்ளும். காற்றுக்குழாய் அடைத்தோ மடங்கியோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம், குழாய்த் தண்ணீரின் அழுத்தம் அப்படியே உள்ளே ஏறும். தொட்டிக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு மறுபடி பொருத்துங்கள். காற்றுக்குழாயில் ஊதிப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். பூச்சி கூடு கட்டுவது அங்கேதான். தண்ணீர் வழிந்து வெளியே வந்ததும் நிரப்பும் குழாயை மூடிவிடுங்கள். நீங்கள் நிரப்பாமலே தொட்டி வீங்குகிறதா? வண்டியை நிறுத்தி வெளிக் குழாய் இணைப்பில் தண்ணீர் எடுக்கும்போது பம்பின் ஒருவழி வால்வு பழுதாகி, தண்ணீர் பின்னோக்கித் தொட்டிக்குள் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: வடிகால் மூலையில் மயிரிழை விரிசல். எந்தப் பசை நல்லது?

பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியால் சூடுவைத்து ஒட்ட வைப்பவர்களிடம் கொடுங்கள், விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டுவிட்டு ஒட்டினால் மேலே ஓடாது. மூலையில் விரிசல் வந்ததே தொட்டி இறங்கி, விறைப்பான குழாய் இறங்காமல் நின்றதால்தான், ஆகவே தாங்கியைச் சரி செய்யாமல் ஒட்டினால் அதே இடத்தில் திரும்ப விடும். இணைப்பை வளையும் குழாயாக மாற்றுங்கள்.

கேள்வி: கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான், இரண்டு வித்தியாசம். அவை பல வண்டிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதற்கு உரிய கரைப்பான் பசை ஒட்டும். இன்னொன்று சரிவு. பலகையை மட்டம் பார்த்துப் பொருத்தி, வெளியேறும் வாயை மேட்டில் நிறுத்திவிடாதீர்கள். பிறகு அடியில் தங்குவதை வழித்தெடுக்கப் போவது நீங்கள்தான்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலியாக இருக்கும்போது பலகையின் நடுவிலிருந்து கீழே நிலம்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிரப்பி, ஒரு நாள் கழித்து மறுபடி அளங்கள். டயரும் ஸ்ப்ரிங்கும் அமுங்குவதைக் கழிக்க ஃபிரேமின் உயரத்தையும் இரண்டு தடவையும் அளக்க வேண்டும். ஃபிரேம் இறங்கியதைவிடப் பலகை மூன்று நாலு மி.மீ. கூடுதலாக இறங்கினால் கவலை இல்லை, 10 மி.மீ. என்றால் எங்கோ தளர்வு. நட்டுக்கும் இரும்புக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு அட்டையை மூடும் முன் எட்டிப் பாருங்கள், கோடு பிசகியிருந்தால் அந்த நட் திரும்பியிருக்கிறது.