சுறா சாவதற்குச் சிக்னல் காரணமன்று

வணக்கம். தலவாக்கலையில் சிக்னல் அடிக்கடி அறுந்துபோவதால்தான் ‘ஹங்ரி ஷார்க் எவல்யூஷன்’ விளையாட்டில் உங்கள் தம்பியின் சுறா விரைவிலேயே இறந்துவிடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அதுவன்று காரணம், இணைய இணைப்பின்றியும் அதை விளையாடலாம். எதையும் உண்ணாத ஒவ்வொரு கணமும் சுறாவின் உயிர்ப்பட்டை குறைந்துகொண்டேயிருக்கும்படிதான் விளையாட்டே அமைந்திருக்கிறது. ஆகவே, தொடக்கத்தில் கிடைக்கும் சிறிய சுறாவை ஆழத்துக்கு இறக்காமல், சிறுமீன்கள் கூட்டமாகத் திரியும் இடங்களிலேயே சுற்றவிட்டு, ஜெல்லி மீன், கண்ணிவெடி, தன்னிலும் பெரிய சுறா ஆகியவற்றிடமிருந்து விலக்கி ஓட்டச் சொல்லுங்கள். வேகப் பாய்ச்சலை இரை கண்ணில் பட்ட பின்பு மட்டும் பயன்படுத்தட்டும். இரை உண்ண உண்ண நிறையும் தங்கப் பட்டை முழுதும் நிரம்பியதும் சிறிது நேரம் எதுவும் சுறாவைத் தாக்காது; அப்போது தயங்கவே கூடாது. சேரும் நாணயங்களை, என் கருத்தில், அடுத்த பெரிய சுறாவுக்கென்றே வைத்திருக்க வேண்டும். இன்று அஞ்சி ஒதுங்கும் உயிர்கள் பலவும் அதற்கு இரையாகிவிடும்.