ரொமாண்டிக் காலத்து (18ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து 19ஆம் நூற்றாண்டு முதல் பாதி வரைக்குமான ஆங்கில இலக்கிய காலம்) சோகக் கவிதைகள்ல ஆண் பாத்திரங்கள எப்படி காட்டியிருக்காங்க?

இதுக்கு வழக்கமா வர்ற பதில் "பைரன் டைப் ஹீரோ". அதாவது ஆங்கிலக் கவிஞர் பைரன் படைச்ச மாதிரி நாயகன்: தனிமை, திமிர், உள்ளுக்குள்ளயே அரிக்கிற குற்ற உணர்ச்சி. சரிதான், ஆனா எனக்கு அத விட உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு: நிறைய கவிதைல சாகுறது பொண்ணு, அந்த சோகத்துக்கு சொந்தக்காரன் மட்டும் ஆம்பள.

1813ல வந்த பைரனோட தி ஜௌர் எடுத்துக்கோங்க. ஹசனோட அந்தப்புரத்துல இருக்குற லைலா வேற ஒருத்தன விரும்புறா, அது தெரிஞ்சு ஹசன் அவள கடல்ல மூழ்கடிச்சுடுறான், காதலன் ஹசன கொன்னு பழி தீர்த்துட்டு கடைசில ஒரு மடத்துல ஒதுங்கி அங்க இருக்குற துறவிகிட்ட பக்கம் பக்கமா தன் வேதனைய கொட்டுறான். செத்துப்போன லைலாவுக்கு பேச ஒரு வரி கூட கிடையாது. இதுல என்னை உலுக்கின இடம், அவ எனக்கு துரோகம் பண்ணிருந்தா நானும் ஹசன் செஞ்சதத்தான் செஞ்சிருப்பேன்னு அந்த காதலனே ஒத்துக்குறது. அப்போ வில்லனுக்கும் ஹீரோவுக்கும் என்ன வித்தியாசம்? பைரன் தெரிஞ்சேதான் அத எழுதிருக்கார்னு நான் நம்புறேன். ஆனா அந்த வரியத் தாண்டினதும் கவிதை மறுபடி அவன் வேதனைக்கே போயிடுது.

அதே காலத்து கவிஞர் கீட்ஸ் அப்படி விடல. 1820ல வந்த லேமியால, பாம்பா இருந்து பொண்ணா மாறின லேமியா கூட லிசியஸ்ங்கிற இளைஞன் கிரேக்க நாட்டு கொரிந்த் நகரத்துல யாருக்கும் தெரியாம சந்தோஷமாத்தான் இருக்கான். திடீர்னு ஊரறிய கல்யாணம் பண்ணணும், இவ என்னோடவன்னு எல்லாரும் பாக்கணும்னு ஆசை வருது. அவ வேணாம்னு அழுது கெஞ்ச கெஞ்ச அவனுக்கு அதுல ஒரு குரூரமான சுகம் வருதுன்னு கீட்ஸ் பச்சையா எழுதிருக்கார். கல்யாண விருந்துக்கு கூப்பிடாமலே வந்த லிசியஸோட குரு அப்போலோனியஸ் அவ யாருன்னு உடைச்சு சொன்னதும் அவ மறைஞ்சு போறா, அன்னிக்கு ராத்திரியே இவனும் செத்துப் போறான். பழிய எல்லாரும் அந்த குரு மேல போடுவாங்க, எனக்கு லிசியஸோட பெருமைதான் முதல் காரணம்னு தோணுது.

காதலே இல்லாத சோகமும் இருக்கு. இன்னொரு ரொமாண்டிக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தோட மைக்கேல், 1800ல வந்தது. எண்பது தாண்டின ஆட்டுக்காரர், கடன்ல நிலம் போயிடக்கூடாதுன்னு பெத்த மகன பட்டணத்துக்கு அனுப்புறார், அவன் அங்க கெட்டுப்போய் கடல் தாண்டி ஓடிடுறான். இவர் வசனம் பேசி புலம்புறதில்ல, தினம் வேலைக்குப் போறார். பைரன் ஹீரோ எல்லாரையும் விட எனக்கு இவர்தான் பெரிய ஆள்.

முதல்ல லேமியாவோட ரெண்டாம் பாகம் படிங்க, அதுக்கப்புறம் தி ஜௌர்ல அந்த காதலன் துறவிகிட்ட சொல்ற வாக்குமூலம். அந்த வரிசைல படிச்சா லைலா பேசாதது உங்களுக்கே உறைக்கும்.