அம்பாசடர் இன்ஜினுக்கு வீட்டிலேயே பேரிங் மாற்றலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது 1974 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். வண்டி சூடானதும் ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது. மேடு ஏறினால் கடகடவென்று அடிக்கிறது. சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி மூன்றாவது கனெக்டிங் ராடு கேப்பைத் திறந்தேன். பேரிங்கில் செம்பு தெரிகிறது. புது செட் வாங்கி நானே போட்டுவிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: போடலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் மைக்ரோமீட்டரை எடுங்கள். மேலே இருக்கும் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்துதான் செம்பு வெளியே வந்திருக்கிறது. அந்த அளவுக்குத் தேய்ந்த பேரிங், ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின்னையும் சும்மா விட்டிருக்காது. பின்னின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் கோட்டில் மாட்டினால் பின்னைக் கடையும் கிரைண்டிங்தான் வழி. அதற்கு இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும்.

வழவழப்பாக இருந்தால் நான்கு பின்னையும், ஒவ்வொன்றையும் 90 டிகிரி தள்ளி இரண்டு திசையில் அளக்கவும். ஸ்டாண்டர்டு அளவு சுமார் 47.65 மி.மீ. இரண்டு அளவுக்கும் 0.025 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் முட்டை வடிவமாகிவிட்டது. அதன்மேல் புது ஷெல் (இரண்டு அரைவட்டமாக வரும் பேரிங்) போடுவது வீண் செலவு. பழைய ஷெல்லின் முதுகையும் பாருங்கள். 010, 020 என்று அச்சு இருந்தால் கிராங்க் ஏற்கெனவே பத்து, இருபது (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கடைந்தது. அதே அளவு செட்தான் வாங்க வேண்டும். கிரைண்டிங்குக்குக் கொடுப்பதானால், பின்னின் இரு ஓரத்திலும் உள்ள வளைவை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். அங்கே கூர்மூலை விழுந்தால் கிராங்க் பின்னாளில் அந்த இடத்தில்தான் உடையும்.

இந்த இன்ஜினில் ராடின் வாய் சாய்வாகப் பிளந்திருக்கும். கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் எண்ணைக் குறித்துவிடுங்கள். கேப் இடம் மாறவோ திரும்பவோ கூடாது. புது ஷெல்லை வைத்தால் அதன் முனை இருக்கையின் வாயைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும். அது குறையல்ல. போல்ட் இறுகும்போது அந்த உயரம் நசுங்குவதால்தான் ஷெல் இருக்கையைக் கெட்டியாகப் பிடிக்கிறது. இது தெரியாமல் ஷெல் முனையில் அரம் போடுகிறார்கள். இன்னும் சிலர் பேரிங் தளர்ந்துவிட்டது என்று கேப்பையே தேய்க்கிறார்கள், ஷெல்லுக்குக் கீழே தகடு வைக்கிறார்கள். மூன்றுமே இன்ஜினைக் கொல்லும் வேலை. தேய்த்த கேப் வட்டமாக இருக்காது. ஆயில் படலம் ஒரு பக்கம் அறுந்துபோகும்.

ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். முதலில் ஆயில் இல்லாமல், பின்மேல் பிளாஸ்டிகேஜ் இழை ஒன்றை வைத்து, கேப்பை 35 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 4.8 கிலோகிராம்-மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடவும். 0.025 முதல் 0.04 மி.மீ. இடைவெளி வந்தால் சரி. பிறகு இழையைத் துடைத்து, ஷெல்லின் முகத்தில் ஆயில் தடவி, போல்ட் தளராமல் பிடிக்கும் லாக் பிளேட்டைப் புதிதாகப் போட்டு, இறுக்கி மடக்குங்கள். ஒவ்வொரு ராடு முடிந்ததும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றவும். எது பிடிக்கிறது என்று உடனே தெரியும்.

பேரிங் ஏன் போனது என்று பார்க்காமல் சம்ப்பை மூடாதீர்கள். ஆயில் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் என்றால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கலாம். டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே புரியும். எல்லாம் மாட்டியதும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, அதன் பிறகே இன்ஜினை ஓட விடுங்கள். 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றவும்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் முன்பக்க கிராங்க் புல்லி வெளியே நகர்கிறது. இதுவும் பேரிங் கோளாறா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இது, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் தேய்மானம். கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்கில் நடுவில் உள்ளதன் இருபுறமும் அரைவட்டமாக இருக்கும். கிராங்க் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ. வரைதான் இருக்கலாம். கண்ணுக்கே தெரிகிறது என்றால் எல்லையைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். வாஷரை மாற்றும்போது ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிராங்கின் முகமே தேய்ந்துவிடும். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் போய்விடும்.