மலைகளை அளந்த கேமரா

கேள்வி: கனடாவின் ராக்கி மலைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே புகைப்படம் எடுத்து அளந்தார்கள் என்று படித்தேன். படத்திலிருந்து தூரத்தையும் உயரத்தையும் எப்படிக் கணக்கிட்டார்கள்? நம் டெல்டாவுக்கு அம்முறை ஏன் வரவில்லை?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஒரே படத்தை வைத்துக் கணக்கிட முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். லென்சுக்கும் படம் பதியும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையிலுள்ள தூரம் துல்லியமாகத் தெரிந்து, தகடும் செங்குத்தாக நின்றால், படத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சிகரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கொண்டு அதன் திசையையும், அடிவானக் கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் கொண்டு அதன் ஏற்றக் கோணத்தையும் அறியலாம். திசை தெரிந்தால் மட்டும் தூரம் தெரிந்துவிடாது. ஆகவே, அமைவிடம் ஏற்கெனவே கணிக்கப்பட்ட இரண்டு உச்சிகளிலிருந்து அதே சிகரத்தைப் படமெடுத்தார்கள். இரு திசைக் கோடுகளையும் தாளில் இழுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே சிகரத்தின் இடம். தூரம் கிடைத்தபின் உயரம் எளிய கணக்குதான்.

பிரான்சில் 1850களில் எய்மே லொசெடா வளர்த்த இம்முறையை, கனடாவின் தலைமை நில அளவையாளர் எட்வார் டெவில் 1886 முதல் ராக்கி மலைகளில் நடைமுறைப்படுத்தினார். அங்கே கோடை குறுகியது. மேகம் விலகும் சில மணி நேரத்துக்குள் எல்லாக் கோணங்களையும் தியோடலைட் என்னும் கோணமானியில் ஒவ்வொன்றாக அளப்பது ஆகாத காரியம். நாற்புறமும் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால், குளிர்காலத்தில் அலுவலக மேசையில் அமர்ந்து வரைபடம் தயாரிக்கலாம். முன்கூட்டியே மருந்து பூசி உலர்த்திய ‘உலர் தகடுகள்’ புழக்கத்துக்கு வந்திருந்ததும் பெரும் உதவி. அதற்கு முன், 1873இல் கொலராடோவின் ஹோலி கிராஸ் மலையைப் படமெடுத்த வில்லியம் ஹென்றி ஜாக்சன், மருந்து பூசிய தகடு ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டியிருந்தது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இம்முறைக்கு உயரமான இடம் இன்றியமையாதது. நம் டெல்டாவிலோ ஒரு தென்னந்தோப்பு அடுத்த ஊரையே மறைத்துவிடும். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கோணங்களைக் கொண்டு அளக்கும் முக்கோண அளவைக்காக, ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்ற முயன்றதும் (அப்போது கருவி மோதிச் சேதமடைந்தது) இப்பகுதியில் குன்றுகள் இல்லாத குறையால்தான். வயல்களைச் சங்கிலி போட்டே அளந்தார்கள். சமவெளியைப் படத்தால் அளக்க ஆகாய விமானங்கள் வரவேண்டியிருந்தது.

கேள்வி: அந்தப் பழைய தகடுகளால் இன்று பயன் உண்டா?
– வாசகர், திருவையாறு

பதில்: நிச்சயமாக உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அன்றைய அளவையாளர்கள் நின்ற அதே இடங்களுக்கு ஏறி அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து வருகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், பனியாறுகள் எவ்வளவு பின்வாங்கியிருக்கின்றன, காடு எதுவரை மேலேறியிருக்கிறது என்பதை நேரடியாகக் காணலாம்.