சொதியில கொதிக்க விட்டா மைக்ரோகிரீன்ஸ்ல என்ன மிஞ்சும்?

கேள்வி: மொட்டமாடியில ட்ரே வச்சு கடுகு, வெந்தயம் மைக்ரோகிரீன்ஸ் (மொளச்ச கொஞ்ச நாள்லயே வெட்டுத குட்டிக் கீரை) வளக்கேன். ஞாயித்துக்கிழம மொத்தமா வெட்டி, கழுவி, டப்பால அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா வியாழக்கிழமைக்குள்ள கொழகொழன்னு ஆயிருது. அத்தை சொதியில போட்டு கொதிக்க விடச் சொல்லுதாவ. வீட்டுக்காரரோ, எப்படித் தின்னாலும் வயித்து ஆசிட்ல எல்லாம் அழிஞ்சிரும்ங்காரு. யாரு சொல்லுதது சரி?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மொதல்ல அந்த மொத்தமா வெட்டுததை நிறுத்துங்க. வெட்டுன பொறவும் இலை மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும், உள்ள இருக்க சத்து கரையும். அதுல வேகமா எறங்குறது வைட்டமின் சி-தான்; கரோட்டின் மாதிரி உள்ளது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சின்னச் சின்ன ட்ரேயா நாள் விட்டு வெதச்சு, அன்னன்னைக்கு வேணுங்கறத கத்திரியால வெட்டிக்கோங்க. வச்சுத்தான் ஆகணும்னா கழுவாம, டிஷ்யூ பேப்பர் விரிச்ச டப்பால, 4, 5 டிகிரி குளிர்ல வைங்க. கதவுத் தட்டு வேண்டாம், நம்மூரு சித்திர வெயிலுக்கு ஒருதரம் தொறந்தாலே அங்கன சூடு ஏறிரும். கொழகொழத்தது குப்பைக்குத்தான், கழுவிப் பாக்கதெல்லாம் வேண்டாம்.

இப்ப சொதிக்கு வருவோம். கடுகுல சினிக்ரின்னு ஒண்ணு, மைரோசினேஸ்ங்கிற நொதி ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா கெடக்கும், நறுக்கும்போதும் மெல்லும்போதும்தான் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஐசோதயோசயனேட் உண்டாகுது, மூக்குல சுர்ருன்னு ஏறுதே அதேதான். கொதிக்க விட்டா நொதி செத்துரும், பொறவு குடல்ல இருக்க பாக்டீரியா அந்த சினிக்ரின்ல ஏதோ கொஞ்சத்த மாத்திக் குடுக்கும், அம்புட்டுதான். வெந்தயத்துல இந்தச் சங்கதியே கெடையாது, ஆனா அதுலயும் வைட்டமின் சி சூட்டுல போவும். அதுக்காக அத்தை சொன்னத தள்ளிராதீங்க, கரோட்டினும் வைட்டமின் கே-யும் உடம்புல சேர கொழுப்பு வேணும், சொதியில ஊத்துத தேங்காப்பால்ல அது இருக்கு. சொதிய தட்டுல ஊத்துன பொறவு மேல நறுக்கித் தூவுங்க. உளுந்தம்பருப்பு சோறு, எள்ளுத் துவையலோடயும் ஜோரா இருக்கும்.

உங்க வீட்டுக்காரர் சொல்லுததுதான் தலைகீழ். வைட்டமின் சி புளிப்புலதான் நல்லா நிக்கும், செவப்பு முள்ளங்கி மைக்ரோகிரீன்ஸ் வளத்தா அதோட கலர்ச்சத்தும் அப்படியே. அதுக்கப்புறம் சிறுகுடல்லதான் கொஞ்சம் செதையும், ஆனா வைட்டமின் சி-ய உடம்பு உறிஞ்சுததும் அங்கனதானே! கீரையில இருக்க பாலிஃபீனால்ங்கிற தாவரச் சத்துல நெறைய பெருங்குடல் வரைக்கும் போயி பாக்டீரியா கையால ஒடைஞ்சு வேற உருவத்துல ரத்தத்துல சேருது.

வீட்டுல யாராவது ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிட்டா, டாக்டர்ட்ட கேக்காம தெனமும் கைநெறைய அள்ளிப் போட்டுராதீங்க, வைட்டமின் கே திடீர்னு கூடுனா மாத்திரையோட வேகம் கொறையும்.