விலகும் உறுப்புகளுக்கு எவ்வளவு இடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீழக்கரை, முதுகலை மாணவி: ஐயா, புள்ளியியல் ஒருங்கலில் எந்த நிபந்தனை தளர்த்தப்படுகிறது?

தொடர்முறை, அதாவது வரிசையாக வரும் எண்கள், ஓர் எல்லையை நெருங்குவதே ஒருங்கல். சாதாரண ஒருங்கலில், எல்லையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் முடிவுள்ள எண்ணிக்கையிலான உறுப்புகளே இருக்கலாம். 1951இல் ஃபாஸ்ட்டும் ஸ்டெய்ன்ஹாஸும் முன்வைத்த கருத்தில் அவை முடிவின்றியும் வரலாம்; அவற்றின் அடர்த்தி, அதாவது தொடக்கத்திலிருந்து எண்ணும் இடங்களில் அவற்றின் பங்கு நெருங்கும் அளவு, சுழியானால் போதும். வர்க்க எண்களுக்குரிய இடங்களில் அந்தந்த எண்ணையும் மற்ற இடங்களில் 0வையும் வைத்துப் பாருங்கள். முதல் 10,000 இடங்களில் வர்க்கங்கள் 100; முதல் 10 லட்சத்தில் 1,000 மட்டுமே. பங்கு 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைவதால், வரம்பின்றி வளரும் உறுப்புகள் இருந்தும் புள்ளியியல் எல்லை 0தான்.

ராமேசுவரம், பள்ளி ஆசிரியர்: அப்படியானால் இது, தொடக்க உறுப்புகளின் சராசரிகள் எங்கே செல்கின்றன என்று பார்க்கும் செசாரோ சராசரிதானே?

இல்லை. வரம்புடைய, அதாவது உறுப்புகள் ஒரு குறித்த அளவைத் தாண்டாத, தொடர்முறை புள்ளியியல் முறையில் ஒருங்கினால் அதன் சராசரிகளும் அதே எல்லைக்குச் செல்லும், மறுதலை உண்மையன்று. உங்கள் ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போகும் வழக்கத்தை, 61 நாள் தடைக்காலத்தையும் புயல் எச்சரிக்கைகளையும் ஒதுக்கிவிட்டு, போகும் நாளுக்கு 1, போகாத நாளுக்கு 0 என்று எழுதினால், சராசரி 3/7ஐ நெருங்கும். ஆனால் எந்த உறுப்பும் 3/7க்கு அருகில்கூட இல்லாததால் புள்ளியியல் எல்லையே கிடையாது. வரம்பை எடுத்துவிட்டால் முதல் கூற்றும் நில்லாது: மேலே சொன்ன வர்க்கத் தொடர்முறையில் முதல் 10,000 உறுப்புகளின் கூடுதல் 3,38,350, சராசரி ஏறத்தாழ 33.8, 10 லட்சத்தில் அது 333.8 ஆகிவிடுகிறது.

தொண்டி, ஆய்வு மாணவர்: சார்புகளை எளிய சார்புகளால் நெருங்கும் தோராயக் கோட்பாட்டில் இதனால் என்ன பயன்?

ஒரு சார்பை இன்னொரு சார்பாக மாற்றும் விதியே செயலி; கூட்டலையும் எண்பெருக்கலையும் காத்து, குறையாகாத சார்பைக் குறையாகாத சார்பாகவே மாற்றுவது மிகை நேரியல் செயலி. மூடிய இடைவெளியில் அத்தகைய செயலிகள் 1, எக்ஸ், எக்ஸ் வர்க்கம் ஆகிய மூன்று சார்புகளைச் சீராக நெருங்கினால், தொடர்ச்சியான எல்லாச் சார்புகளையும் அவ்வாறே நெருங்கும் என்பது கொரோவ்கின் 1953இல் தந்த தேற்றம். 1912ஆம் ஆண்டின் பெர்ன்ஸ்டைன் பல்லுறுப்புக்கோவைகள் முதல் இரண்டையும் பிழையின்றித் திருப்பித் தருகின்றன. மூன்றாவதில் மீப்பெரு பிழை, படியின் நான்கு மடங்குக்குத் தலைகீழ். வர்க்க எண் படிகளில் மட்டும் செயலியை இரட்டித்தால் கொரோவ்கின் நிபந்தனை முறியும். ஆனால் காஜியெவும் ஒர்ஹானும் 2002இல் நிறுவிய புள்ளியியல் வடிவம் அதையும் தாங்கும். நல்ல செயலியை வேண்டுமென்றே கெடுத்துத் தேற்றத்தைக் காட்டும் இத்தகைய எடுத்துக்காட்டு எனக்கு மலிவாகவே படுகிறது. சைன், கொசைன் அலைகளின் கூட்டலான ஃபூரியர் தொடர் ஒரு புள்ளியில் ஒருங்காமல் விரிந்தாலும் அதன் சராசரிகள் தொடர்ச்சியான சார்பைச் சீராக மீட்டுத் தருவதை ஃபெயர் 1900இலேயே காட்டினார். அங்கே சராசரி எடுக்கும் கூட்டல்முறைக்கு உண்மையான வேலை இருந்தது.

மண்டபம், கல்லூரி மாணவர்: புள்ளியியல் ஒருங்கலிலிருந்து சாதாரண ஒருங்கலுக்குத் திரும்ப வழி உண்டா?

உண்டு. அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசத்தை இட எண்ணால் பெருக்கி வருவது வரம்புக்குள் நின்றால் போதும் என்று ஃப்ரிடி 1985இல் நிறுவினார்.