ஆஃப்பாயில் மேல சோயா சாஸா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு திருச்சி, கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்து எட்டு மாசம் ஆகுது. இவர் இங்கயே பிறந்து வளர்ந்தவர். காலையில ஆம்லெட் போட்டாலும் சரி, ஆஃப்பாயில் போட்டாலும் சரி, ஒரு வாய் கூட வைக்காம சோயா சாஸ எடுத்து ஊத்திடறாரு. கேட்டா "முட்டைன்னா இப்படித்தான்"ங்கறாரு. என் சமையல் புடிக்கலையோன்னு இருக்கு.

பதில்: அட, அவர் உங்க சமையலுக்குள்ளயே இன்னும் வரலம்மா! நமக்கு ஆஃப்பாயில்னா தோசைக்கல்லுல உடைச்சு ஊத்தி, மஞ்சக்கரு தளும்பத் தளும்ப மிளகுத்தூள் உப்பு தூவி எடுக்கறது, உடையாம வாய்க்குள்ள தள்ளுறதுலதான் திறமையே. அந்த ஊர்ல அதே பேரு வேற முட்டைக்கு. காப்பிக்கடையில கொதிச்ச தண்ணிய இறக்கி வச்சு முட்டைய ஓட்டோட போட்டு மூடி ஒரு ஆறேழு நிமிஷம் கழிச்சு சாஸர்ல உடைச்சு ஊத்துவாங்க, வெள்ளைக்கருவே கொழகொழன்னுதான் இருக்கும், அது மேல கருப்பு சோயா சாஸ் ரெண்டு சுத்து, வெள்ளை மிளகுத்தூள், அப்புறம் கலக்கி காயா டோஸ்ட்ட (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேத்துக் காய்ச்சின ஜாம் தடவின ரொட்டி) அதுல முக்கி சாப்பிடறது.

ஓட்டுக்குள்ள வெந்த முட்டையில உப்பு ஏறாதுல்ல, அதனால அங்க உப்பே அந்த சாஸ்தான். உங்க ஆம்லெட்ல நீங்க ஏற்கனவே உப்பு போட்டு அடிச்சிருக்கீங்க, அவர் கை பழக்கத்துல ஊத்துது, ஆகமொத்தம் டபுள் உப்பு. ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்லயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 2000க்குள்ளதான் இருக்கணுங்குது. அதனால அவர் பங்குக்கு உப்பு போடாதீங்க, அவரே ஊத்திக்கட்டும்.

ஆனா ருசி பாக்காமலே ஊத்தறது எனக்கும் புடிக்காது. அத நேராவே சொல்லுங்க, "மொதல் வாய் சும்மா சாப்பிடுங்க, அப்புறம் என்ன வேணா பண்ணுங்க"ன்னு. எங்க வீட்ல பையன் கறிவேப்பிலை போட்ட ஆம்லெட் மேல தக்காளி கெச்சப் ஊத்துவான், ஒரு வருஷம் சண்டை போட்டேன், நான் மட்டும் அதே ஆம்லெட்டுக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்குவேன், வீட்டுக்காரர் எங்க ரெண்டு பேரையும் பாத்து மூஞ்சிய சுளிப்பாரு.

ஞாயித்துக்கிழமை அவரோட காப்பிக்கடைக்குப் போய் அவர் முட்டைய அவர் மாதிரியே ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க (மாசமா இருந்தா மட்டும் அரைவேக்காடு வேண்டாம், ஊத்தப்பம் மாதிரி நல்லா வெந்த ஆம்லெட்டே போதும்). அந்த வெள்ளை மிளகு மொதல்ல ஒத்துக்காது, பழுத்த மிளக ஊறவச்சு தோல உரிச்சது, ஒரு மாதிரி மக்கின வாசனை வரும். புடிக்கலேன்னா நம்ம கருமிளகுத்தூள் ஒரு பொட்டலம் ஹேண்ட்பேக்ல போட்டுட்டுப் போங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.